குடும்பத்தோட டிங்கி செய்லிங் லீவு: காத்தைப் பாத்து பிளான் பண்றது எப்படி

டிங்கின்னா எஞ்சின் இல்லாத, மேல மூடாத சின்ன பாய்மரப் படகு. குழந்தைங்க தனியா ஓட்டுற ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம்தான், குடும்பமா ஏறி உக்கார்ற வேஃபேரர் 4.8 மீட்டர், மத்ததெல்லாம் பெரும்பாலும் இதுக்கு நடுவுலதான் வரும். அடியில கனமான எடை எதுவும் இருக்காது, நம்ம உடம்பைச் சாச்சுத்தான் படகை நிமித்தி வெச்சுக்கணும், அதனால கவுறும், ஆனா கவுந்தா நம்ம கையாலயே நிமித்திடலாம். அதுலதான் இதோட சந்தோஷமே இருக்கு. எட்டு வயசுப் பிள்ளை ஒரு படகை முழுசா தன் கையில வெச்சுக்கிட்டு ஓட்டுறத ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா அடுத்த லீவையும் அதைச் சுத்தித்தான் யோசிப்பீங்க.

ஆனா பிளான் தப்பா போச்சுன்னா அதே பிள்ளை ரெண்டாவது நாள் "நான் வரல"ன்னு உக்காந்துடும். எங்க வீட்ல அது நடந்திருக்கு. முதல் தடவை போனப்ப அஞ்சு நாளும் காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் கிளாஸ் புக் பண்ணிட்டோம், மூணாவது நாள் சின்னவ லைஃப் ஜாக்கெட்டைத் தொடவே மாட்டேன்னுட்டா, பெரியவனுக்கு கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிஞ்சிருந்துச்சு, மாமியார் மூணு நாளா கரையில தனியா உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை போயிட்டோம், ஒவ்வொரு தடவையும் கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன்.

முக்கியமான விஷயம் ரெண்டுதான். பெரும்பாலும் எல்லாரும் ஊரை முடிவு பண்ணி, ரூம் போட்டுட்டு, அப்புறம் அங்க செய்லிங் இருக்கான்னு தேடுறாங்க, இதைத் தலைகீழா பண்ணணும், முதல்ல காத்து, அடுத்து தண்ணி, அடுத்து கத்துக்குடுக்கிற இடம், ரூம் கடைசியில. ரெண்டாவது, வீட்ல யாருக்கு தண்ணின்னா பயமோ அவங்களை வெச்சுத்தான் எல்லா முடிவும் எடுக்கணும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்கள வெச்சு இல்ல.

காத்து

செய்லிங்ல காத்தை நாட் கணக்குலதான் சொல்லுவாங்க, 1 நாட்னா மணிக்கு 1.852 கிமீ. புதுசா கத்துக்கிறவங்களுக்கு 5லேர்ந்து 10 நாட் வரைக்கும் அருமை. 5க்குக் கீழ போனா படகு நகராது, பிள்ளைங்களுக்கு போர் அடிக்கும். 12 தாண்டினா சின்னப் பிள்ளைங்க திணறும், 15 தாண்டினா முதல் வாரம் கத்துக்கிற யாரையும் நான் ஏத்த மாட்டேன். இதுல பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கு, காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா பாய் மேல விழுற தள்ளு ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. 10 நாட் 14 ஆனாலே கிட்டத்தட்ட டபுள் ஆயிடும். அதனால "நேத்தைவிட கொஞ்சம்தான் ஜாஸ்தி"ன்னு நம்பர் பாத்து ஏமாறக்கூடாது.

நம்பர் இல்லாம கண்ணாலயே பாக்கவும் வழி இருக்கு. மர இலைங்க விடாம ஆடுது, கொடி விரிஞ்சு நிக்குது, தண்ணில அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்ளை நுரை தெரியுதுன்னா அது பியூஃபோர்ட்னு காத்தோட பலத்தைச் சொல்ற அளவுல 3, அதாவது 7லேர்ந்து 10 நாட். தூசியும் பேப்பரும் பறக்குது, சின்னக் கிளைங்க ஆடுது, நுரை பரவலா தெரியுதுன்னா 4, அதாவது 11லேர்ந்து 16 நாட். நுரை பரவலா தெரிஞ்சா புதுசா கத்துக்கிறவங்க கரையிலயே இருக்கட்டும்.

இப்ப பிளானுக்கு வருவோம். கடலோரத்துல வெயில் நாள்ல என்ன ஆகும்னா, காலையில நிலம் சூடாகி அங்க இருக்கிற காத்து மேல போகும், அந்த இடத்துக்கு கடல்லேர்ந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். இது பொதுவா மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு, மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு உச்சத்துல இருக்கும், பொழுது சாயும்போது அடங்கிடும். அதனால அநேக இடத்துல காலை நேரம் சின்னவங்களுக்கு, மத்தியானம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்குன்னு தானா பிரிஞ்சுடும். மலைக்கு நடுவுல இருக்கிற ஏரிங்களுக்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டு, இத்தாலில கார்டா ஏரியோட வட முனையில காலையில வடக்கேர்ந்து பெலேர்னு ஒரு காத்து, மத்தியானத்துக்கு மேல தெக்கேர்ந்து ஓரான்னு ஒரு காத்து, நல்ல வெயில் நாள்ல சொல்லி வெச்ச மாதிரி வரும். நீங்க எந்த இடத்துக்குப் போறதா இருந்தாலும் அங்க இருக்கிற செய்லிங் ஸ்கூலுக்கு ஃபோன் போட்டு "நாங்க வர்ற மாசத்துல காலை பத்து மணிக்கு காத்து எப்படி இருக்கும், மூணு மணிக்கு எப்படி இருக்கும்"னு நேரத்தைச் சொல்லிக் கேளுங்க. சும்மா "காத்து நல்லா இருக்குமா"ன்னு கேட்டா நல்லா இருக்கும்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கு நல்ல காத்து 20 நாட்டாக்கூட இருக்கலாம்.

விண்டி, விண்ட்குரு மாதிரி ஆப்ல பாக்கும்போது சராசரி காத்தோட நிக்காம கஸ்ட்னு இருக்கிற நம்பரையும் பாருங்க, திடீர்னு அடிக்கிற காத்து அது, படகைக் கவுக்கிறதும் அதுதான். சராசரி 8, கஸ்ட் 18னு இருந்தா அது 8 நாட் நாள் கிடையாது. கடல்காத்தை இந்த ஆப்ங்க சில சமயம் குறைச்சே காட்டும், அதனால அந்த இடத்துலயே வேலை செய்யிறவங்க சொல்றதுக்குத்தான் கடைசி மதிப்பு குடுக்கணும்.

வேகத்தைவிட திசைதான் எனக்குப் பயம். கரையிலேர்ந்து தண்ணிப் பக்கமா வீசுற காத்து பாக்க ரொம்ப சாதுவா இருக்கும், கரையோரம் தண்ணி தட்டு மாதிரி அலையே இல்லாம கிடக்கும், எல்லாரும் இன்னைக்குத்தான் நல்ல நாள்னு இறங்குவாங்க. உள்ள போகப் போக காத்து கூடும், அலையும் கூடும், படகோ கரையை விட்டு விலகிக்கிட்டே போகும். பாய்மரப் படகு நேரா காத்துக்கு எதிரா போக முடியாது, காத்து வர்ற திசைக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி செத்த பகுதி, அதுக்கு வெளிய வளைஞ்சு வளைஞ்சுதான் திரும்பி வரணும், புதுசா ஓட்டுறவங்களுக்கு அதுதான் கஷ்டம். ரப்பர்ல ஊதின மிதவையோ பலூன் பொம்மையோ பிள்ளைங்க கையில இருந்தா அன்னைக்கு அதையும் தண்ணில விடாதீங்க. கரையை ஒட்டின மாதிரி பக்கவாட்டுல வீசுற காத்துதான் கத்துக்கிறதுக்கு சுகம், போறதும் வர்றதும் ஒரே மாதிரி இருக்கும்.

தண்ணி

முதல் தடவைக்கு திறந்த கடல் வேண்டாம். ஏரி, அணைத்தண்ணி, இல்ல வாய் குறுகின விரிகுடா, காயல் மாதிரி இடம் பாருங்க. கடல்தான்னா ஓதம் ஏறி இறங்குற நேரம் தெரிஞ்சிருக்கணும், தண்ணி வடியிற நேரத்துல காத்தும் இல்லேன்னா படகு வெளிய இழுத்துட்டுப் போயிடும். ஏறி இறங்குற ஆறு மணி நேரத்துல நடுவுல இருக்கிற ரெண்டு மணி நேரம்தான் தண்ணி வேகமா ஓடும், மொத்தத்துல பாதி அப்பவே நகர்ந்துடும்.

அப்புறம் தண்ணியோட சூடு. வெளிய நல்ல வெயில் அடிக்கும், தண்ணி 14 டிகிரி இருக்கும், இது குளிர் நாடுகள்லயும் மலை ஏரிங்கள்லயும் சகஜம். 15 டிகிரிக்குக் கீழ இருக்கிற தண்ணில திடீர்னு விழுந்தா மூச்சு தானா இழுத்துக்கும், முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, நீச்சல் தெரிஞ்சவங்களே தண்ணி குடிச்சுடறது அப்பதான். அந்த ஒரு நிமிஷம் ஜாக்கெட் தாங்கிப் பிடிச்சா மூச்சு தானா சீராயிடும், இதைப் பிள்ளைங்க கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. டிரெஸ் எப்பவும் தண்ணியோட சூட்டுக்குப் போடணும், வெயிலுக்கு இல்ல. தண்ணி சூடாகிறது காத்தைவிட பல வாரம் பின்னாடிதான் நடக்கும், அதனால கோடையோட ஆரம்பத்துல போறதைவிட முடியிற சமயத்துல போனா அதே இடம் ரொம்ப இதமா இருக்கும். ஸ்கூல் லீவுல எந்த வாரம்னு தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தா பின் வாரத்தை எடுங்க.

எங்க கத்துக்கிறது, எந்தப் படகு

வீட்ல ஒருத்தருக்கு செய்லிங் தெரியும், நாமளே சொல்லிக்குடுத்துடலாம்னு நினைக்காதீங்க. பாய் படபடன்னு அடிக்கும்போது அப்பா கத்துவாரு, பிள்ளை அழும், அதோட ஆசை போயிடும். அதே விஷயத்தை இன்ஸ்ட்ரக்டர் சொன்னா பிள்ளைங்க கேட்டுக்கும்.

புக் பண்றதுக்கு முன்னாடி நான் கேக்கிறது இதெல்லாம். எஞ்சின் வெச்ச சேஃப்டி போட் நாங்க தண்ணில இருக்கிற முழு நேரமும் தண்ணில இருக்குமா, இல்ல கரையில கட்டி வெச்சிருப்பீங்களா. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பிள்ளைங்க, தனியா ஓட்டுற படகுன்னா ஆறுக்கு மேல இருந்தா நான் வேற இடம் பாப்பேன். என் பிள்ளை சைஸுக்கு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இருக்கா. காத்து அதிகமாயிட்டா என்ன பண்ணுவீங்க, காசு திரும்புமா இல்ல வேற நாளைக்கு மாத்துவீங்களா. இதுல முதல் கேள்விக்கு இழுத்து இழுத்து பதில் வந்தாலே அந்த இடம் வேண்டாம், எவ்வளவு அழகான கடற்கரையா இருந்தாலும்.

படகைப் பத்தி ரொம்ப ஆராய வேண்டாம். ஏழு எட்டு வயசுலேர்ந்து பதிமூணு பதினாலு வரைக்கும் ஆப்டிமிஸ்ட், டப்பா மாதிரி இருக்கும், 35 கிலோதான் எடை, ஒத்தைப் பாய். அமெரிக்காவுல ஃப்ளோரிடாவில கிளார்க் மில்ஸ்னு ஒருத்தர் 1947ல பிள்ளைங்களுக்காகவே வரைஞ்ச படகு, இன்னைக்கு உலகம் முழுக்க பிள்ளைங்க இதுலதான் ஆரம்பிக்கிறாங்க. கொஞ்சம் பெரிய பிள்ளைங்க ரெண்டு பேர் சேந்து ஓட்ட ஆர்எஸ் ஃபீவா மாதிரி ஒண்ணு. பெரியவங்க, பயப்படுறவங்க, ரொம்ப சின்னவங்க எல்லாருக்கும் வேஃபேரர் மாதிரி அகலமான படகுல இன்ஸ்ட்ரக்டரோட. 1963ல ஃப்ராங்க் டைன்னு ஒருத்தர் ஸ்காட்லாந்துலேர்ந்து ஐஸ்லாந்து வரைக்கும் இந்த வேஃபேரர்லயே போயிருக்காரு, கூட ஒரே ஒரு ஆள். அதை நாம பண்ணப் போறதில்ல, ஆனா எங்க மாமியார் கிட்ட இந்தக் கதையைச் சொன்னதுக்கப்புறம்தான் அவங்க அந்தப் படகுல ஏற சம்மதிச்சாங்க, நீச்சல் தெரியாதவங்க, ஒரு மணி நேரம் முன்பாயோட கயிறைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க, இறங்கினதும் அடுத்து எப்பன்னு கேட்டாங்க.

போறதுக்கு முன்னாடி வீட்ல

ஜாக்கெட் விஷயம் மட்டும் நல்லா புரிஞ்சுக்கோங்க. டிங்கில பொதுவா குடுக்கிறது 50 நியூட்டன் மிதவை ஜாக்கெட், நீச்சல் தெரிஞ்சவங்க, பக்கத்துல உதவி இருக்கிற தண்ணில போடுறது, மயங்கின ஆளை மல்லாக்கத் திருப்பாது. நீச்சல் தெரியாதவங்களுக்கும் ரொம்ப சின்னப் பிள்ளைங்களுக்கும் 100 நியூட்டன்லேர்ந்து மேல, கழுத்துக்குப் பின்னாடி காலர் இருக்கிறது வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. சரியா இருக்கான்னு பாக்க பிள்ளையோட ரெண்டு தோள்பட்டைப் பட்டையையும் பிடிச்சு மேல தூக்குங்க, ஜாக்கெட் காதுக்கு மேல ஏறிச்சுன்னா பெருசு. சின்னவங்களுக்கு காலுக்கு நடுவுல போற பட்டை கட்டாயம்.

கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டிரெஸ்ஸோட தண்ணில இறங்கிப் பழக்குங்க, நீச்சல் குளத்துல அனுமதி கேட்டுட்டு டிஷர்ட், லெக்கிங்ஸ், ஷூ, ஜாக்கெட் போட்டு முங்கி எழட்டும். தலை தண்ணிக்குள்ள போனா பதறாம இருக்கிறதுதான் பெரிய திறமை, எத்தனை மீட்டர் நீந்துறாங்கங்கிறது அப்புறம்தான். எட்டு (8) வடிவத்துல வர்ற முடிச்சு ஒண்ணு மட்டும் கத்துக்குடுங்க, பாய் கயிறோட நுனியில போடுறது. இன்னொரு விளையாட்டும் இருக்கு, வெளிய நின்னு கண்ணை மூடிக்கிட்டு மெதுவா தலையைத் திருப்பணும், ரெண்டு காதுலயும் காத்து சத்தம் ஒரே மாதிரி கேட்டா நாம காத்தைப் பாத்து நிக்கிறோம்னு அர்த்தம். எங்க சின்னவ இதை பஸ் ஸ்டாப்புல நின்னாலும் பண்ணுவா, தண்ணில இறங்கின முதல் நாளே காத்து எங்கேர்ந்து வருதுன்னு கையைக் காட்டினா.

பேக்கிங் பெருசா ஒண்ணும் இல்ல. சீக்கிரம் காயிற முழுக்கை டிரெஸ், ஜீன்ஸும் காட்டனும் வேண்டாம், நனைஞ்சா கனமும் குளிரும்தான். காலை மூடுற, தண்ணில கழண்டு போகாத ஷூ. கண்ணாடிக்கும் தொப்பிக்கும் கயிறு. கைக்கு கிளவுஸ், பெரியவனோட உள்ளங்கைக்கு அப்புறம் இதை நான் விடுறதே இல்ல. நீள முடியைக் கட்டிடணும், மோதிரம் செயின் ரூம்லயே இருக்கட்டும். ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் ஒண்ணு வாட்டர்ப்ரூஃப் பையில சேஃப்டி போட்ல இருக்கணும். டிராவல் இன்சூரன்ஸ்ல டிங்கி செய்லிங்னு எழுத்துல இருக்கான்னு படிச்சுப் பாருங்க, வாட்டர் ஸ்போர்ட்ஸ்னு பொதுவா போட்டுட்டு உள்ள விலக்கு வெச்சிருப்பாங்க.

நாளைப் பிரிக்கிறது

ஏழு நாள் லீவுன்னா நாலு அரை நாள் செய்லிங், அதுக்கு மேல வேண்டாம். முதல் நாள் தண்ணில ஏறவே வேண்டாம், சும்மா போய் கரையில உக்காந்து படகுங்க எப்படிப் போகுது, காத்து எப்ப மாறுதுன்னு பாருங்க, பிள்ளைங்களே கேள்வி கேக்க ஆரம்பிக்கும். ரெண்டாவது மூணாவது நாள் செய்லிங், நாலாவது நாள் ஓய்வு, அது உடம்புக்கு நிஜமாவே தேவை. அஞ்சும் ஆறும் மறுபடி செய்லிங். ஏழு சும்மா விடுங்க. செய்லிங்கை வாரத்தோட முன்பக்கத்துலயே ஆரம்பிச்சாத்தான் ஒரு நாள் காத்து இல்லாமலோ அதிகமாவோ போனா தள்ளி வெக்க இடம் இருக்கும், கடைசி ரெண்டு நாளுக்குன்னு வெச்சா போச்சு.

வராதவங்களுக்கும் ஒரு லீவு வேணும். படகுல ஏறாத பெரியவங்களைப் பையைப் பாத்துக்கச் சொல்லி கரையில உக்கார வெக்காதீங்க, அந்த மூணு மணி நேரத்துல அவங்களுக்குப் பிடிச்சதா நடந்து போற தூரத்துல ஏதாவது இருக்கணும், ரூம் எடுக்கிறப்ப இதைப் பாருங்க. ரூம்லேர்ந்து தண்ணி வரைக்கும் நடந்து போக முடிஞ்சா பாதி பிரச்சினை தீந்துச்சு, நனைஞ்ச பிள்ளைங்களோட வண்டில முக்கா மணி நேரம் போறது யாருக்கும் இதமா இருக்காது.

கவுறுறது

முதல் கிளாஸ்லயே, காத்து மெல்லிசா இருக்கும்போது, வேணும்னே கவுக்கச் சொல்லுங்க. தள்ளிப் போட்டா பிள்ளை மனசுல அது பூதமா வளரும். பண்ணிப் பாத்தா அஞ்சே நிமிஷம். விழுந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எல்லாரும் இருக்காங்களான்னு பாக்கணும். படகை விட்டு நீந்திப் போகவே கூடாது, கரை எவ்வளவு கிட்ட தெரிஞ்சாலும், படகு மிதக்கும், தூரத்துலேர்ந்து கண்ணுக்கும் தெரியும், தனியா ஒரு தலை தெரியாது. மெயின்ஷீட், அதாவது பெரிய பாயை இழுக்கிற கயிறு, அது லூஸா இருக்கான்னு பாத்துட்டு ஒருத்தர் அடிப்பக்கமா போய் நடுவுல நீட்டிக்கிட்டிருக்கிற சென்டர்போர்டு மேல எடையைப் போடணும், இன்னொருத்தர் உள்பக்கமா தண்ணில படகை ஒட்டிப் படுத்திருக்கணும், படகு நிமிரும்போது அவங்களையும் சேத்து வாரி உள்ள எடுத்துக்கும். அப்படி வாரி எடுக்கும்போது பிள்ளைங்க சிரிக்கிற சிரிப்பைக் கேக்கணும்!

பாய்க்கு அடியில மாட்டிக்கிட்டா கையை மேல தூக்கித் துணியைத் தள்ளினா மூச்சு விட இடம் கிடைக்கும், அப்படியே ஒரே திசையில கையால தடவிக்கிட்டே வெளிய வந்துடலாம். முழுசா தலைகீழா ஆயிட்டாலும் பல படகுல உள்ள காத்து நிக்கும். கயிறை மட்டும் கையிலயோ கால்லயோ சுத்திக்கக்கூடாது, இதை தினமும் சொல்லணும். ஆழம் கம்மியான இடத்துல கவுந்து பாய்மரம் சேத்துல குத்திக்கிச்சுன்னா மல்லுக்கட்டாதீங்க, வளைஞ்சு போயிடும், சேஃப்டி போட் வரட்டும்.

இடி சத்தம் கேட்டா உடனே கரை, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆகணும், அலுமினியப் பாய்மரம் அந்தத் தண்ணியிலயே உயரமான பொருள். படகைத் தள்ளிட்டுப் போற வழியில மேல கரண்ட் கம்பி இருக்கான்னும் நிமிர்ந்து பாருங்க, பாய்மரம் அதைத் தொட்டா உயிர் போகும்.

கொஞ்சம் பழகி சேஃப்டி போட் பார்வையிலயே நீங்களா ஒரு மணி நேரம் படகு வாடகைக்கு எடுத்தா, போகும்போது காத்து வர்ற பக்கமா வளைஞ்சு வளைஞ்சு போங்க, திரும்பி வரும்போது காத்தே கொண்டுவந்து விட்டுடும், களைச்சுப் போன பிள்ளைங்களோட எதிர்க்காத்துல திரும்புற கஷ்டம் இருக்காது. தண்ணில தள்ளுறதுக்கு முன்னாடி படகோட பின்பக்கம் தண்ணி வடியிற ஓட்டை அடைச்சிருக்கான்னு கையை வெச்சே பாருங்க.

ஆறாவது நாள் காத்து சாதுவா இருந்தா பெரிய படகு ஒண்ணை எடுத்து, சுக்கானைப் பிள்ளை கையில குடுத்துட்டு நீங்க முன்னாடி போய் முன்பாய்க் கயிறைப் பிடிச்சுக்கோங்க. இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கட்டும். இழுன்னா இழுங்க, விடுன்னா விடுங்க, அது எங்க ஓட்டுதோ அங்க போங்க, கேக்காம வாயைத் திறக்காதீங்க.